மண் ரோட்டில் வளைவு எடுப்பது எப்படி: கோத்தகிரிப் பக்கம் விழுந்து கற்றது

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும் மண் ரோட்டில், வலது பக்கம் மடங்கும் வளைவு ஒன்று இருக்கிறது. இடது ஓரம் முழுக்க கற்பூர மரங்கள், சமவெளிக்காரர்கள் தைல மரம் என்பார்களே, அதுதான். அதன் காய்கள் பெரிய சட்டைப் பொத்தான் அளவில், கல் மாதிரி கெட்டியாக, ரோடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் என் சைக்கிளின் முன் சக்கரம் அந்தக் காய்கள் மேல் ஏறியது எனக்குத் தெரியும். அதற்கு அடுத்து தெரிந்தது, நான் வலது பக்கமாகப் படுத்தபடி, வண்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டே, பள்ளத்தை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருப்பது. முழங்கைத் தோல் போயிற்று, இடுப்பில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் காயம், வேறு பெரிய சேதம் இல்லை. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் சிரித்தபடி சொன்னார்: "ரோட்டப் பாக்காம பள்ளத்தையே பாத்துட்டு வந்தா, வண்டி பள்ளத்துக்குத்தானே தம்பி போகும்?"

அவர் சைக்கிள் ஓட்டுபவரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் வளைவு எடுப்பதைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் சரியான பாடம் அதுதான். அன்று இரவு யோசித்துப் பார்த்தபோது காய்கள் மேல் பழி போட முடியவில்லை. அதே காய்கள் மேல் என் நண்பன் எனக்கு முன்னால் அலட்சியமாகப் போயிருந்தான். நான் செய்தது மூன்று தப்பு: கண்ணைப் பள்ளத்தில் வைத்தேன், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தேன், பயத்தில் உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மூன்றும் சேர்ந்தால் முன் டயருக்கு வேலை அதிகம், அதை மண்ணில் அழுத்த எடை குறைவு. அப்புறம் அது வழுக்காமல் என்ன செய்யும்?

கீழே எழுதியிருப்பது மலைப் பாதையில் கியர் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து, நேர் ரோட்டில் தைரியமாக இறங்கி, வளைவு வந்தால் மட்டும் கை இறுகிப்போகிறவர்களுக்காக. ஹெல்மெட், முழங்கால் காப்பு, கையுறை இதெல்லாம் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

வளைவுக்கு முன்னால்

வேகத்தைக் குறைக்கிற வேலை முழுக்க நேர் பாதையிலேயே முடிந்துவிட வேண்டும். ஒரு டயர் மண்ணைப் பிடிக்கிற பிடிக்கு ஓர் அளவு உண்டு. அந்தப் பிடியைப் பிரேக்குக்குக் கொடுக்கலாம், திரும்புவதற்குக் கொடுக்கலாம், இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போட்டும் கொடுக்கலாம், ஆனால் இரண்டுக்கும் முழுசாகக் கொடுக்க முடியாது. மாதச் சம்பளம் மாதிரிதான், வாடகைக்கே எல்லாம் போய்விட்டால் மளிகைக்கு என்ன மிஞ்சும்? வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் திரும்புவதற்கு வைத்திருந்த பிடியைப் பிரேக் தின்றுவிடும், சக்கரம் நேராக வெளியே ஓடும்.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்ப உதவியது. ஆறு மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை, அதாவது தோட்டத்து ரோட்டில் சாதாரணமாக வரும் ஒரு வளைவை, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் வண்டியும் நீங்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 28 டிகிரி சாய வேண்டும். அதையே 25 கிலோமீட்டரில் எடுத்தால் 39 டிகிரி. வேகம் கூடியது கால் பங்குதான், ஆனால் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. திருப்பியும் படித்துப் பாருங்கள்: நுழையும்போது வெறும் 5 கிலோமீட்டர் குறைத்தால் வளைவின் கஷ்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. அதனால்தான் "மெதுவாக நுழை, வேகமாக வெளியேறு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்கும்போது கிழவர் புத்தி மாதிரி இருக்கும், ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

பிரேக் பிடிக்க ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மீதி மூன்று விரலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கட்டும். டிஸ்க் பிரேக் இருந்து இரண்டு விரல் தேவைப்படுகிறது என்றால் லீவர் தப்பான இடத்தில் இருக்கிறது, ஸ்க்ரூவைத் தளர்த்தி கொஞ்சம் உள்பக்கம் தள்ளுங்கள், ஆள்காட்டி விரல் லீவரின் நுனி வளைவில் உட்கார வேண்டும். இன்னொன்று, நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கைதான் முன் பிரேக், மோட்டார் சைக்கிள் மாதிரி. வெளிநாட்டிலிருந்து வந்த சில வண்டிகளில் இடது கையில் இருக்கும். நண்பனின் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர்கள் இறங்குவதற்கு முன் ஒரு தடவை தள்ளிப் பார்த்து எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பலரும் முன் பிரேக்கைப் பார்த்துப் பயந்து பின் பிரேக்கிலேயே காலம் தள்ளுகிறார்கள். இறக்கத்தில் எடை முன்னால் போவதால் நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியை முன் சக்கரம்தான் செய்ய முடியும். பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், வேகம் அவ்வளவாகக் குறையாது, ரோட்டில் ஒரு பள்ளக் கோடு விழும், அடுத்த மழையில் அந்தக் கோட்டில் தண்ணீர் ஓடி வாய்க்கால் ஆகிவிடும். தோட்டத்துக்காரர்கள் நம்மை உள்ளே விட யோசிப்பதற்கு இந்தக் கோடுகளும் ஒரு காரணம். நேர் பாதையில், நிமிர்ந்த வண்டியில், இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முதலில் மெதுவாக அப்புறம் அழுத்தமாக, குதிகாலைக் கீழே இறக்கிப் பிடியுங்கள். வளைவு தொடங்கும் இடத்துக்கு வரும்போது விரல் தளர்ந்திருக்க வேண்டும். முழுசாக விட மனசு வரவில்லை என்றால் பின் பிரேக்கை மட்டும் பூப்போலத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அதையும் சாய்வு ஏற ஏற விட்டுவிட வேண்டும்.

கியரும் அப்படியே, வளைவுக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

கண்

அந்த அக்கா சொன்னதற்கு வருகிறேன். வண்டி கண் போகிற இடத்துக்குத்தான் போகும். கண் திரும்பினால் தலை திரும்புகிறது, தலை திரும்பினால் தோள், தோள் திரும்பினால் இடுப்பு, அதன் பின்னால் வண்டி. பள்ளத்தைப் பார்த்தால் இந்தச் சங்கிலி முழுக்கப் பள்ளத்தை நோக்கித் திரும்புகிறது. பயப்படுகிற பொருளைத்தான் கண் தானாகத் தேடும், அதனால் இது பழக்கத்தால் மட்டுமே மாறும்.

நான் செய்கிற முறை இது. வளைவு கண்ணில் பட்டதும் முதலில் நுழையும் இடத்தைப் பார்க்கிறேன், அங்கே மண் எப்படி, கல் இருக்கிறதா, காய் கிடக்கிறதா, இலை மூடியிருக்கிறதா. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கண் வளைவின் உள் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். பிரேக்கை விடும்போது கண் வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். அதாவது உடம்பு இருக்கிற இடத்துக்கு எப்போதும் ஒரு படி முன்னால் கண். முன் சக்கரத்துக்கு நேர் கீழே பார்ப்பதால் பயன் ஒன்றுமில்லை, அங்கே இருக்கும் கல்லைப் பார்த்த பிறகு எதுவும் செய்ய நேரம் இருக்காது. வெறும் கண்ணைச் சுழற்றினால் போதாது, தாடையைத் தோளுக்கு மேல் கொண்டுபோகிற மாதிரி தலையையே திருப்புங்கள். கொண்டை ஊசி வளைவில் கழுத்து கொஞ்சம் வலிக்கிற அளவுக்குத் திருப்ப வேண்டியிருக்கும், அப்படி வலித்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை என்றால்? நீலகிரியில் இது சும்மா கேள்வி இல்லை. தோட்டத்து ஜீப், டிராக்டர், தலையில் கொழுந்து மூட்டையோடு வருகிறவர்கள், அதெல்லாம் போக காட்டெருமை. கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அது பகலிலேயே மேயும், பெரிய ஆண் மாடு ஒரு டன் வரை எடை இருக்கும், பிரேக் பிடித்து மோதினாலும் பிடிக்காமல் மோதினாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்தி நேரத்தில் கரடியும் உண்டு. பார்வைக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அங்கே உச்ச வேகம், திறமை எவ்வளவு இருந்தாலும். மணி அடியுங்கள், அல்லது சத்தமாகப் பேசிக்கொண்டே இறங்குங்கள்.

எந்தக் கோடு?

வெளி ஓரத்தில் நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போவது. இதைத்தான் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். காரணம் எளிது, அப்படிப் போனால் வளைவின் ஆரம் பெரிதாகிறது. மேலே சொன்ன கணக்கில் 6 மீட்டர் ஆரத்தை 8 மீட்டர் ஆக்க முடிந்தால், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 39 டிகிரிக்குப் பதில் 31, 32 டிகிரி சாய்ந்தால் போதும்.

ஆனால் இரண்டு பக்கமும் வண்டி வருகிற ரோட்டில் இந்தப் பாடத்தை முழு அகலத்துக்கும் செய்யக் கூடாது. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறோம். வலது வளைவில் உள் ஓரத்தைத் தொடப் போனால் எதிரில் வருபவனின் பாதைக்குள் நுழைகிறோம். எனவே ரோட்டின் இடது பாதியை ஒரு தனி ஒற்றையடிப் பாதையாக நினைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே வெளி ஓரம், உள் ஓரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒற்றையடிப் பாதையிலும் அகலம் இரண்டடி இருந்தால் கூட, முன் டயர் அந்த இரண்டடியில் எங்கே நுழைகிறது என்பது வித்தியாசம் காட்டும்.

இன்னொரு நுணுக்கம்: உள் ஓரத்தைத் தொடும் இடத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துங்கள். அவசரப்பட்டு முதலிலேயே உள்ளே வெட்டினால் வெளியேறும்போது பாதை தீர்ந்துபோய் ஓரத்துக்குத் தள்ளப்படுவீர்கள், புதிதாக ஓட்டுகிறவர்கள் பலர் விழுவது அங்கேதான். வளைவின் நடுவைத் தாண்டி மூன்றில் இரண்டு பங்கு போன பிறகு உள் ஓரத்தைத் தொட்டால், அந்த நேரத்தில் வண்டி ஏறக்குறைய வெளியேறும் திசையைப் பார்த்துவிட்டிருக்கும். இதெல்லாம் மண் ஒரே மாதிரி இருக்கும்போதுதான். அழகான கோட்டில் காய்ந்த சருகு கிடந்து, அசிங்கமான கோட்டில் இறுகிய செம்மண் இருந்தால், அசிங்கமான கோடுதான் நல்ல கோடு.

உடம்பு எங்கே, வண்டி எங்கே

இதுதான் மொத்த விஷயத்திலும் சுவையான பகுதி, எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனதும் இதுதான்.

முதலில் சீட் கீழே இருக்க வேண்டும். டிராப்பர், அதாவது ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்க விடும் சீட் கம்பி, இருந்தால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். இல்லையென்றால் இறக்கம் தொடங்குவதற்கு முன் நிறுத்தி, கிளாம்ப்பைத் தளர்த்தி, நாலு விரல் அகலம் இறக்கிவிடுங்கள். ஏற்றத்துக்கு வேண்டிய உயரத்தைச் சீட் கம்பியில் ஒரு இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்துவிட்டால் திருப்பி ஏற்றுவது பத்து நொடி வேலை. சீட் உயரமாக இருந்தால் அது தொடைகளுக்கு நடுவில் முட்டிக்கொண்டு, வண்டியைச் சாய்க்கவே விடாது.

பெடல் மேல் நில்லுங்கள். எடை முழுக்கப் பாதத்தில். கைகளில் வெறும் பிடிப்பு, எடை இல்லை. முழங்கால், முழங்கை இரண்டும் மடங்கி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, நெஞ்சு ஹேண்டில்பாருக்கு மேல் வருகிற மாதிரி. கபடியில் பாடிக்கொண்டு போகிறவன் எப்படி நிற்பான், அந்த நிலைதான், எந்தப் பக்கமும் பாயத் தயார்.

இப்போது மோட்டார் சைக்கிள் ரேஸ் பார்த்தவர்கள் மறக்க வேண்டிய ஒன்று. தார் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் உடம்பை உள்பக்கம் தொங்கவிட்டு முழங்காலைத் தரையில் தேய்ப்பார்கள். நமக்கு முன்மாதிரி மண் டிராக்கில் ஓட்டும் மோட்டோகிராஸ்காரர்கள். அவர்கள் வண்டியை உள்பக்கம் படுக்கவைத்துவிட்டு, தாங்கள் சீட்டின் வெளி ஓரத்தில் நிமிர்ந்து இருப்பார்கள். உடம்பைவிட வண்டி அதிகம் சாய வேண்டும். ஏன் என்றால் மலை சைக்கிள் டயரின் ஓரத்தில் இருக்கும் பெரிய ரப்பர் கட்டைகள் வண்டி சாய்ந்தால்தான் மண்ணில் இறங்கும். அதோடு, உடம்பு டயருக்கு மேலே இருந்தால் எடை டயரைக் கீழ்நோக்கி அழுத்தும், சட்டென்று வழுக்கினாலும் நீங்கள் கீழே போகாமல் வண்டி மட்டும் நகர்ந்து மறுபடி பிடிக்க ஒரு வாய்ப்பு இருக்கும்.

வலது வளைவை எடுத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். இடது கால், அதாவது வெளிக்கால், கீழே. இடது பெடலில் ஒரு காலில் நிற்கிற மாதிரி முழு எடை. வலது கையை நேராக்கி ஹேண்டில்பாரின் வலது முனையைக் கீழும் முன்னும் தள்ளுங்கள், வண்டி வலப்பக்கம் சாயும். இடது முழங்கை மடங்கி, மேலே தூக்கி, வெளியே நீட்டியிருக்கும். தொப்புளை வளைவின் வெளியேறும் இடத்துக்குக் காட்டுங்கள், சிரிக்காதீர்கள், இந்த ஒரு வாக்கியம்தான் என் இடுப்பைத் திருப்ப வைத்தது. இடுப்பு கொஞ்சம் இடப்பக்கம் போய் சீட்டுக்கு வெளியே நிற்கும், சீட்டின் ஓரம் வலது தொடையின் உட்புறத்தைத் தொடும். தொடுகிறது என்றால் வண்டி உங்களைவிட அதிகம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வலது கையைத் தள்ளினால் ஹேண்டில் இடது பக்கம் அல்லவா திரும்பும் என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு கணம் திரும்பும். நடக்கிற வேகத்தைத் தாண்டிவிட்டால் இரண்டு சக்கர வண்டி எல்லாமே அப்படித்தான் திரும்புகிறது, சக்கரம் ஒரு நூல் எதிர்ப்பக்கம் போகிறது, வண்டி இந்தப் பக்கம் சாய்கிறது, அப்புறம் சக்கரம் தானாக வளைவுக்குள் வருகிறது. பைக்கில் இத்தனை வருடமாக நீங்கள் அதைத் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இப்போது பயத்தின் விஷயம். இறக்கத்தில் பயந்தால் உடம்பு பின்னால் போகும், கை நீளும், பிட்டம் பின் சக்கரத்துக்கு மேல். பத்து பதினைந்து வருடத்துக்கு முந்தைய வண்டிகளில், முன் ஃபோர்க்கின் சாய்வு 70 டிகிரி சுமாரில் செங்குத்தாக இருந்த காலத்தில், தலைகுப்புற விழாமல் இருக்க அது தேவைப்பட்டது. பழைய ஆட்கள் இன்னும் "பின்னால போ, பின்னால போ" என்று கத்துவது அதனால்தான். இப்போது வருகிற இறக்கத்துக்கான வண்டிகளில் அந்தக் கோணம் 64, 65 டிகிரி, முன் சக்கரம் உங்களுக்கு ரொம்ப முன்னால் இருக்கிறது. நீங்களும் பின்னால் போய்விட்டால் முன் டயர் மேல் யாருமே இல்லை. வளைவில் முன் சக்கரம் வழுக்குகிற மாதிரி தோன்றும்போதெல்லாம் மனசு சொல்வதற்கு நேர்மாறாக, நெஞ்சை ஓர் அங்குலம் முன்னால் கொண்டுபோய்ப் பாருங்கள். முதல் தடவை செய்யும்போது புத்தி கெட்டவன் மாதிரி இருக்கும். இரண்டாவது தடவை டயர் மண்ணைக் கடிக்கிற சத்தமே வேறு மாதிரி கேட்கும்.

வளைவுக்கு வளைவு

ஓரம் கிண்ணம் மாதிரி உயர்ந்திருக்கும் வளைவை பெர்ம் என்பார்கள், வேண்டுமென்றே கட்டிய டிராக்கில் நிறைய இருக்கும், நம் பாதைகளில் மழைத்தண்ணீர் செதுக்கிவிட்ட இடங்களில் தானாக அமைந்திருக்கும். அங்கே மேலே சொன்னதைக் கொஞ்சம் தளர்த்தலாம். சுவரே டயரைத் தாங்குவதால் உடம்பும் வண்டியும் சேர்ந்தே சாயலாம், பெடல் இரண்டும் சம மட்டத்தில். உயரமாக நுழைந்து, நடுவில் காலால் அழுத்தி, வெளியேறும்போது லேசாகுங்கள். சரியாக அமைந்தால் பெடல் போடாமலே வேகம் கூடும்.

நேர் எதிர், வெளிப்பக்கம் சரிந்த வளைவு. தேயிலைச் சரிவில் இதுதான் அதிகம். வெளிக்காலில் முழு எடை, வண்டியைக் குறைவாகச் சாய்த்து, ஆரம்பத்திலேயே மேல் ஓரத்தில் நுழையுங்கள், எப்படியும் கொஞ்சம் கீழே இழுக்கும், அந்த இழுப்புக்கு இடம் விட்டுவைக்க வேண்டும். ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் இல்லை.

கப்பி ரோட்டில், ஜல்லி பெயர்ந்து உருள்கிற இடத்தில், சாய்வைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து, டயர் கொஞ்சம் அலைபாய விடுங்கள். பிடியை இறுக்கினால் அலைச்சல் உடம்புக்கு ஏறி மொத்தமாகக் கவிழும். ஈரமான வேர் குறுக்கே வந்தால் அதன் மேல் திரும்பக் கூடாது, பிரேக்கும் கூடாது. வேருக்கு முன்னால் பாதி திரும்பி, வேரை நிமிர்ந்த வண்டியில் நேர் குறுக்காகத் தாண்டி, அப்புறம் மீதியைத் திரும்புங்கள். பாசி பிடித்த கல்லுக்கும் இதேதான்.

இறக்கத்தில் கொண்டை ஊசி: நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள், இங்கே மட்டும் பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே திரும்பலாம், வேறு வழியில்லை. முன் சக்கரம் போகிற தடத்துக்கு உள்ளே வெட்டித்தான் பின் சக்கரம் வரும், பஸ் திரும்பும்போது பார்த்திருப்பீர்களே. கல்லட்டி ரோட்டின் 36 கொண்டை ஊசியிலும் டிரைவர் முன்பக்கத்தை வெளி ஓரம் வரை கொண்டுபோய்த்தான் ஒடிப்பார். நீங்களும் முன் சக்கரத்தை நினைத்ததைவிட ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்புங்கள், இல்லாவிட்டால் பின் சக்கரம் உள் ஓரத்துக் கல்லில் ஏறும். ஏற்றத்தில் கொண்டை ஊசி வந்தால் இலகுவான கியருக்கு முன்கூட்டியே மாற்றி, சீட்டின் மூக்கில் உட்கார்ந்து, வெளி ஓரமாகவே சுற்றுங்கள், உள் ஓரம் எப்போதும் அதிக செங்குத்து. பெடல் மட்டும் நிற்கக் கூடாது.

காற்று

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு டயர் கல் மாதிரி இருந்தால் எல்லாம் வீண். நான் முதல் வண்டி வாங்கியபோது கடையில் இரண்டு டயரிலும் 40 பிஎஸ்ஐ ஏற்றிக் கொடுத்தார்கள், ஒரு வருடம் நான் அப்படியே ஓட்டினேன், எனக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொண்டு. இப்போது, பையோடு சேர்த்து 75 கிலோ எடைக்கு, 29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல அகல டியூப்லெஸ் டயரில் முன்னால் 21, பின்னால் 24 வைக்கிறேன். டியூப் போட்டிருந்தால் மூன்று நான்கு கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். முன் டயரில் எப்போதும் கொஞ்சம் குறைவு. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள், அளவு காட்டும் பம்ப் ஒன்று வாங்குங்கள்.

டயரின் அமைப்பும் விஷயம்தான். மேக்சிஸ் மினியன் டிஎச்எஃப் போன்ற டயர்களில் நடுக் கட்டைகளுக்கும் ஓரக் கட்டைகளுக்கும் இடையே ஒரு வெற்று வாய்க்கால் இருக்கும். பாதி மனசோடு சாய்த்தால் அந்த வாய்க்கால் மேல் நிற்பீர்கள், பிடி தளர்ந்த மாதிரி இருக்கும், பயந்து நிமிர்ந்துவிடுவீர்கள். முழுசாகச் சாய்த்தால் ஓரம் கடிக்கும். அதே நிறுவனம் தென்னாப்பிரிக்க மலை சைக்கிள் வீரர் கிரெக் மின்னாரோடு சேர்ந்து செய்த அசெகாய் டயரில் அந்த இடைவெளியிலும் கட்டைகள் உண்டு, அரைச் சாய்விலும் பிடிக்கும், பதிலுக்கு ஏற்றத்தில் கொஞ்சம் இழுவை. கற்றுக்கொள்கிற காலத்தில் முன்னால் இரண்டாவது வகையைத்தான் நான் போடச் சொல்வேன்.

எங்கே பழகுவது

மலையில் பழகாதீர்கள். அங்கே ஒரு வளைவு, அப்புறம் நூறு மீட்டர் நேர் ரோடு, அதற்குள் என்ன செய்தோம் என்பதே மறந்துவிடும். வலை கட்டாத நேரத்தில் வாலிபால் மைதானத்துக்குப் போங்கள். நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் மூன்று மீட்டரில் ஒவ்வொரு கோடு இருக்கும், ஆக இரண்டுக்கும் நடுவில் ஆறு மீட்டர். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு தண்ணீர் பாட்டில் வையுங்கள், இரண்டையும் சுற்றி எட்டு போடுங்கள். லைசென்ஸ் எடுக்கும்போது போட்ட அதே எட்டுதான், இந்தத் தடவை காலை ஊன்றினால் யாரும் திட்ட மாட்டார்கள்.

முதல் நாள் எட்டு கூட வேண்டாம். நேராக உருண்டுகொண்டே, பெடல் சமமாக, உடம்பை நிமிர்த்தி வைத்து, வண்டியை மட்டும் இடதும் வலதுமாகச் சாய்த்துப் பழகுங்கள், துடுப்பு போடுகிற மாதிரி. அது கைவந்த பிறகு எட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிக்கால் கீழே. நடுவில் கால் மாற்ற மறக்கும், கட்டாயம் மறக்கும். அடுத்து, பாட்டிலைப் பார்க்காமல் அடுத்த பாட்டிலைப் பார்த்துத் திரும்புவது. கடைசியாக, மைதானத்தின் ஓரக் கோட்டை வளைவின் தொடக்கமாக வைத்துக்கொண்டு வேகமாக வந்து, கோட்டைத் தொடுவதற்கு முன் பிரேக்கை விட்டு, விடும்போது "விட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டிய பிறகு சொன்னால் தாமதம், அடுத்த தடவை இன்னும் முன்னால். பக்கத்தில் விளையாடும் பிள்ளைகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் கவனம் சிதறும்.

ரோட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுவதற்கு முன் நடந்து பாருங்கள், செருப்புக் காலால் மண்ணைத் தேய்த்துப் பாருங்கள், எங்கே இறுகியிருக்கிறது, எங்கே பொடி என்று கால் சொல்லும். பத்து தடவை அதையே ஓட்டுங்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி மறுபடி. தோட்டம் என்றால் வாட்ச்மேனிடமோ ஆபீசிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கோத்தகிரிப் பக்கம் மழை கொட்டும், அப்போது செம்மண் சோப்பு மாதிரி, பாதையும் கெடும், அந்த மாதங்களில் மைதானமே மேல்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கழுவுவதற்கு முன் முன் டயரின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். புது டயரில் மயிர் மாதிரி சின்னச் சின்ன ரப்பர் நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் ஓட்டிய பிறகும் ஓரக் கட்டைகளில் அந்த நூல் அப்படியே இருந்தால், நீங்கள் இன்னும் வண்டியைச் சாய்க்கவில்லை, உங்கள் உடம்பைத்தான் சாய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். என் டயரில் இடது ஓரம் நன்றாக மழுங்கிவிட்டது. வலது ஓரத்தில் இன்னும் நாலைந்து நூல் மிச்சம் இருக்கிறது, மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த வலது வளைவை உடம்பு இன்னும் மறக்கவில்லை போல. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எட்டு கிடையாது, வலப்பக்கச் சுற்று மட்டும்தான்.